எழும்பூர்த் தனியார் வானாய்வகமும் காவிரிக் கடைமடைக் கணித மரபும்: திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சி நாளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

1786ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்னும் வானியல் ஆர்வலர் தம் சொந்தச் செலவில் அமைத்த வானாய்வகம், பின்னர் மதராஸ் வானாய்வகமாக வளர்ந்து நில அளவை, நேரக் கணிப்பு, விண்மீன் அட்டவணை ஆகிய துறைகளில் பங்களிப்புச் செய்தது. அதே காலத்தில் திருவாரூர், புதுச்சேரி ஆகிய ஊர்களின் கணிதர்கள் வாக்கிய முறையில் கிரகணங்களைக் கணித்து வந்தனர். இவ்விரு மரபுகளும் தனித்தனி வரலாறுகளாகவே எழுதப்பட்டுள்ளன. இவை சந்தித்த இடங்களை இக்கட்டுரை அடையாளம் காண்கிறது. காரைக்கால் பகுதியிலுள்ள திருநள்ளாற்றில் இன்றும் காணப்படும் நாள் வேறுபாட்டை அச்சந்திப்பின் முற்றுப்பெறாமைக்குரிய சான்றாக விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மதராஸ் வானாய்வகம், வில்லியம் பெட்ரி, வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதம், லெ ஜாந்தீல், ஜான் வாரன், சிந்தாமணி இரகுநாதாசாரி, திருநள்ளாறு.

முன்னுரை

காரைக்கால் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் உள்ள திருநள்ளாறு, சனி பகவான் வழிபாட்டால் அறியப்படும் தலம். சனிக்கோள் ஓர் இராசியிலிருந்து அடுத்த இராசிக்குப் பெயரும் நாளில் இங்குப் பெருந்திரளான மக்கள் கூடுகின்றனர். அந்நாள் எது என்பதில் தமிழகப் பஞ்சாங்கங்கள் ஒன்றுபடுவதில்லை. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி மகர இராசிக்குச் சனி பெயர்ந்த நாள் 2020 சனவரி 24. திருநள்ளாற்றில் விழா நிகழ்ந்த நாள் 2020 டிசம்பர் 27. கும்ப இராசிக்குப் பெயர்ந்த நாள் திருக்கணிதப்படி 2023 சனவரி 17. திருநள்ளாற்றில் 2023 டிசம்பர் 20. 2025 மார்ச் 29 அன்று திருக்கணிதம் அடுத்த பெயர்ச்சியைக் குறித்தபோது, தாம் வாக்கியப் பஞ்சாங்கத்தையே பின்பற்றுவதாகவும் அவ்வாண்டில் பெயர்ச்சி விழா இல்லை என்றும் கோயில் நிருவாகம் தெளிவுபடுத்தியது.

வழிபாட்டுக்குரிய நாள் எது என்பது இக்கட்டுரையின் வினா அன்று. அது மரபும் ஆகமமும் முடிவு செய்ய வேண்டியது. ஒரே வானத்தை நோக்கிய இரு கணக்குகள் ஏறத்தாழ பதினொரு மாதம் விலகி நிற்பது எவ்வாறு நேர்ந்தது, அவ்விலகலை அளக்கும் கருவிகள் தமிழ் நிலத்திற்கு எப்போது வந்தன, அவற்றைக் கையாண்டோர் உள்ளூர்க் கணிதர்களை எவ்வாறு மதிப்பிட்டனர் என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

1. எழும்பூர்: ஓர் ஆர்வலரின் வானாய்வகம்

வில்லியம் பெட்ரி கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர். வானியல் அவருக்குத் தொழிலன்று. ஓய்வு நேர ஈடுபாடு. அவர் 1786இல் எழும்பூரில் அமைத்த வானாய்வகத்தில் மூன்று அங்குல விட்டமுடைய இரு தொலைநோக்கிகளும், ஷெல்டன் செய்த இரு வானியல் கடிகாரங்களும், விண்மீன்கள் உச்சி வட்டத்தைக் கடக்கும் கணத்தைக் குறிக்கும் கடப்பு நோக்கியும் இருந்தன. 1786 டிசம்பர் 5 என நாளிடப்பட்ட, மசூலிப்பட்டினக் கோட்டைக் கொடிமரத்தின் இருப்பிடம் பற்றிய குறிப்பு இவ்வானாய்வகத்தின் தொடக்ககாலப் பதிவாகக் கொள்ளப்படுகிறது.

இப்பதிவின் பொருள் கருதத்தக்கது. சோழமண்டலக் கடற்கரையில் இயற்கைத் துறைமுகங்கள் குறைவு, மணல்திட்டுகள் மிகுதி. கரையின் இடங்களைத் தீர்க்கரேகையோடு குறிக்காத வரைபடம் மாலுமிக்கு ஆபத்தாகவே முடியும். ஓரிடத்தின் தீர்க்கரேகையை அறிய, அவ்விடத்து நேரத்தையும் தீர்க்கரேகை அறியப்பட்ட மற்றோர் இடத்து நேரத்தையும் ஒப்பிட வேண்டும். எனவே கரையில் எங்கேனும் ஒரு நிலையான ஒப்பீட்டுப் புள்ளி தேவைப்பட்டது. பெட்ரியின் இல்லத்து வானாய்வகம் அத்தேவையை நிறைவு செய்தது.

பெட்ரி தாயகம் திரும்ப முற்பட்டபோது தம் கருவிகளை அரசுக்கு அளித்தார். கம்பெனியின் நில அளவையாளர் மைக்கேல் டாப்பிங்கின் வடிவமைப்பில் 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. ஓர் ஆர்வலரின் சேகரிப்பு இவ்வாறு அரசு நிறுவனமாயிற்று. அதன் பிற்காலப் பங்களிப்புகளுள் பின்வருவன இன்றியமையாதவை:

அ. வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவைக்கு இவ்வானாய்வகத்தின் இருப்பிடம் ஒப்பீட்டுப் புள்ளியாக அமைந்தது.

ஆ. ஜான் கோல்டிங்ஹாம் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடிக்கப்பட்ட பீரங்கிகளின் ஒளிக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, காற்றில் ஒலியின் வேகத்தைக் கணித்தார்.

இ. டி. ஜி. டெய்லர் 1844இல் வெளியிட்ட அட்டவணை 11,015 விண்மீன்களின் இருப்பிடங்களைத் தந்தது.

ஈ. நார்மன் போக்சன் 1861இல் 'ஏசியா' என்னும் சிறுகோளை இங்கிருந்து கண்டறிந்தார். அவர் சென்னையில் கண்டறிந்த சிறுகோள்கள் மொத்தம் ஐந்து.

உ. கிரீன்விச் நேரத்திற்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்திய சென்னை நேரம், 1906இல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வரும்வரை இரயில்வேக்களின் நேரமாக விளங்கியது.

2. தென்னிந்தியத் தனியார் வானாய்வகங்கள்: ஒரு பொதுப்போக்கு

பெட்ரியின் முயற்சி தனித்த நிகழ்வன்று. ஆலப்புழையில் திருவிதாங்கூரின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட், வானியலில் தமக்கிருந்த ஈடுபாட்டால் சுவாதித் திருநாள் மன்னரின் ஆதரவைப் பெற்றார். 1837இல் திருவனந்தபுரம் வானாய்வகம் உருவாயிற்று. விசாகப்பட்டினத்தில் கோடே வெங்கட ஜக்காராவ், சென்னையில் டெய்லரிடம் பயின்றபின் 1840களின் தொடக்கத்தில் தம் இல்லத்தில் வானாய்வகம் அமைத்தார். அவர் மருமகன் அங்கிதம் வெங்கட நரசிங்கராவ் அதைத் தொடர்ந்து நடத்தி, 1874ஆம் ஆண்டின் வெள்ளி இடைநகர்வையும் நோக்கினார். ஐதராபாத்தில் நவாப் ஜாபர் ஜங் 1901இல் 15 அங்குலத் தொலைநோக்கியுடன் தொடங்கிய நிசாமியா வானாய்வகம், 1908இல் நிசாம் அரசின் பொறுப்பில் வந்தது. பன்னாட்டு விண்மீன் ஒளிப்பட அட்டவணைப் பணியில் தனக்கென ஒரு வானப்பகுதியை ஏற்றது.

இவற்றிடையே ஓர் ஒற்றுமை புலப்படுகிறது. தனியார் ஆர்வம் கருவியையும் இடத்தையும் தந்தது. நெடுங்காலத் தொடர்ச்சியைப் பெரும்பாலும் அரசே தந்தது. வானியலில் தொடர்ச்சியே பயன் தருவது. ஓர் இரவின் அளவீடு செய்தி. ஐம்பது ஆண்டு அளவீடு சான்று. ஆர்வலர் வானாய்வகங்களின் பங்களிப்பை அவர்களே கண்டறிந்தவற்றைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது குறைவுடையது. பிறர் தொடரத்தக்க பதிவை அவர்கள் தொடங்கி வைத்தமையே அவர்களின் முதன்மையான கொடை.

3. தூண் கூறுவதும் கூறாததும்

நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் கடப்பு நோக்கியைத் தாங்க 18 அடி உயரமும் ஏறத்தாழ 10 டன் எடையும் கொண்ட கருங்கல் தூண் நிறுவப்பட்டது. அத்தூணில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. ஆசியாவில் கணித அறிவியல்கள் பிரித்தானியர் கொடையால் முதன்முதலில் ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுக்குப் பின்வருவோரும் அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது.

'முதன்முதலில்' என்னும் அக்கூற்று 1792ஆம் ஆண்டிலேயே பிழையானது. அதைப் பிழையென அறிவதற்குரிய சான்று அப்போதே ஐரோப்பிய மொழிகளில் அச்சேறியிருந்தது.

பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜாந்தீல் வெள்ளி இடைநகர்வை நோக்கும்பொருட்டு இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு வந்தவர். 1761ஆம் ஆண்டு இடைநகர்வின்போது புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானதால் கரையிறங்க இயலாமல் கப்பலில் இருந்தார். அடுத்த இடைநகர்வுக்காகக் காத்திருந்து 1768இல் புதுச்சேரி சேர்ந்தார். 1769 சூன் மாதத்தில் அந்நாள் வந்தபோது மேகம் மறைத்தது. அவர் வரலாற்றை எழுதுவோர் பலரும் இந்த ஏமாற்றத்தோடு நின்றுவிடுகின்றனர். தமிழ் ஆய்வுலகிற்கு வேண்டிய செய்தி வேறு. காத்திருந்த மாதங்களில் அவர் உள்ளூர்க் கணிதரிடம் கிரகணக் கணிதம் பயின்றார். கற்றதைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் வெளியீட்டிலும் 1779 முதல் வெளிவந்த தம் பயண நூலிலும் எழுதினார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணிதம் 41 வினாடி குறைவாகத் தந்தது. அக்கால ஐரோப்பாவில் மதிப்புப் பெற்றிருந்த தோபியாஸ் மேயரின் அட்டவணை 68 வினாடி கூடுதலாகத் தந்தது. இதையும் அவரே பதிவு செய்தார். ஒரு கிரகணத்தைக் கொண்டு முறைகளின் தரத்தை முடிவு செய்தல் கூடாது. எனினும் ஒப்பிடத்தக்க ஒரு முறை இங்கு வழக்கில் இருந்தது என்பதற்கு இச்சான்று போதும்.

அவர் கொண்டு சென்ற அட்டவணை ஐரோப்பிய நூல்களில் 'திர்வலூர்' அட்டவணை எனப்பட்டது. ழான் சில்வேன் பெய்லி 1787இல் வெளியிட்ட இந்திய வானியல் நூலும், ஜான் பிளேஃபேர் 1790இல் எடின்பரோ அரச கழக வெளியீட்டில் எழுதிய கட்டுரையும் இதை விரிவாக ஆராய்ந்தன. நாகப்பட்டினத்திற்கு மேற்கே அமைந்த ஊர் என அவர்கள் காலத்திலேயே கூறப்பட்டிருப்பதால், அது சென்னைக்கு அருகிலுள்ள திருவள்ளூர் ஆகாது, திருவாரூரே. காரைக்காலுக்குத் தென்மேற்கே 40 கி.மீ.க்கு உட்பட்ட தொலைவில் உள்ள கடைமடை ஊர் ஒன்றின் பெயர், நுங்கம்பாக்கத் தூண் எழுவதற்கு முன்பே பாரிசிலும் எடின்பரோவிலும் வானியல் விவாதத்தில் இடம்பெற்றிருந்தது.

4. வாக்கியங்களும் சோழிகளும்

அக்கணிதத்தின் அமைப்பைச் சுருக்கமாகக் காண்பது பின்வரும் விவாதத்திற்குத் துணை செய்யும். சந்திரனின் இயக்கம் சீரானதன்று. பூமிக்கு அண்மையில் விரைந்தும் சேய்மையில் மெதுவாகவும் செல்கிறது. அண்மைநிலையிலிருந்து மீண்டும் அண்மைநிலைக்கு வர ஏறத்தாழ 27.5546 நாள் ஆகும். இத்தகைய 9 சுற்றுகள் 248 நாளுக்கு மிக அண்மையில் முடிகின்றன. எனவே 248 நாளுக்கும் நாளொன்றுக்கு ஒரு வாக்கியமாக 248 வாக்கியங்களை நினைவில் கொண்டால், சந்திரனின் நிலையை மீண்டும் மீண்டும் பெறலாம். எஞ்சும் சிறு பிழையை 3,031 நாள் (110 சுற்றுகள்), 12,372 நாள் (449 சுற்றுகள்) ஆகிய பெருஞ்சுழற்சிகள் நீக்குகின்றன. ஒவ்வொரு வாக்கியமும் கடபயாதி முறையில் எண்களை எழுத்துகளாக மறைத்து வைத்த பொருளுடைய சிறுதொடர். இம்முறையை விரிவாகக் கூறும் வாக்கியகரணம் ஏறத்தாழ கி.பி. 1300 அளவில் தமிழ்ப் பகுதியில் தோன்றியது, டி. எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் அதைப் பதிப்பித்தனர்.

லெ ஜாந்தீலுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் ஜான் வாரன் இம்மரபை மீண்டும் பதிவு செய்தார். இவர் 1805 முதல் 1811 வரை மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பை வகித்தவர். 1825இல் 'கால சங்கலிதம்' என்னும் நூலை வெளியிட்டார். 1830இல் புதுச்சேரியில் காலமானார். 1825 மே 31, சூன் 1 இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், எழுத்து எதுவுமின்றித் தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை நினைவிலிருந்து கூறி, வாரன் முன் கணித்தார். அவர் பெயர் வாரனின் ஆங்கில எழுத்தில் 'சாமி நாதன் சாஷியா' என ஒலிக்கிறது; சாமிநாதன் சேஷையா எனக் கொள்ளலாம். நவீன மதிப்போடு ஒப்பிட்ட ஆட்டோ நாய்கபவர், தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் வேறுபாடு இருப்பதைக் காட்டினார். அவர் 1952இல் வெளியிட்ட 'தமிழ் வானியல்' என்னும் கட்டுரை, 248 நாள் சுழற்சியைப் பாபிலோனியக் கணிதத்தோடு இணைத்து நோக்கியது.

வாரனின் மதிப்பீட்டில் அக்கணிதர் நல்ல நினைவாற்றல் உடையவர், கோட்பாட்டறிவு அற்றவர். நுங்கம்பாக்கத்தின் பொறுப்பை வகித்த ஒருவர் தமிழ்க் கணிதத்தை மதித்துப் பெருநூல் எழுதினார். அதைச் செய்து காட்டியவரைச் சான்றுரைப்பவராக மட்டுமே கண்டார். அட்டவணையின் விடையைக் கண்ணால் கண்ட வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் வாய்ப்பு அக்கணிதருக்கு அளிக்கப்பட்டதாக அந்நூல் வழி அறிய இயலவில்லை. இரு மரபுகளும் ஒரே திண்ணையில் அமர்ந்தன. கருவி ஒருபுறமே இருந்தது.

5. சிந்தாமணி இரகுநாதாசாரி

அக்கருவியைத் தன் கையில் கொண்ட பஞ்சாங்க மரபினர் சிந்தாமணி இரகுநாதாசாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே மதராஸ் வானாய்வகத்தில் பணியில் சேர்ந்து, போக்சனின் முதல் உதவியாளர் நிலைக்கு உயர்ந்தார். 1867இல் 'ஆர் ரெடிகுலி' என்னும் மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். இவ்விண்மீன் தென்வானில் 63 பாகை விலக்கத்தில் உள்ளது. சென்னையின் அகலாங்கு 13 பாகையாதலால், அது உச்சம் கொள்ளும்போதும் தென்கீழ்வானிலிருந்து ஏறத்தாழ 14 பாகை உயரமே எழும். இலண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ அதை ஒருபோதும் காண இயலாது. சென்னையின் இருப்பிடமே இக்கண்டுபிடிப்பை இயல்வதாக்கியது.

1868 ஆகஸ்டு 18 முழுச் சூரிய கிரகணத்தை அவர் ஐதராபாத் அரசின் வனபர்த்தியில் நோக்கினார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874ஆம் ஆண்டின் வெள்ளி இடைநகர்வைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். கண்டு கணித்த நிலைகளின் அடிப்படையில் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டமை தமிழ்ச் சூழலில் அவரது நிலைத்த பணி. அது அவர் அலுவலகக் கடமையின் பகுதியன்று. தம் மரபுக்கு அவர் ஆற்றிய தனிப்பணி. அவ்வகையில் பெட்ரியைப் போலவே அவரும் ஓர் ஆர்வலர். பெட்ரி கருவியைப் பொதுமைக்குத் தந்தார். இரகுநாதாசாரி அக்கருவியின் விளைவை வீட்டுத் திண்ணைக்குத் தந்தார். அவர் 1880இல் மறைந்தார்.

6. திருநள்ளாறு: இடைவெளியைப் படித்தல்

முன்னுரையில் கூறிய நாள்களை இனி ஆராயலாம். 2020ஆம் ஆண்டு இடைவெளி 338 நாள்; 2023ஆம் ஆண்டு இடைவெளி 337 நாள். ஏறத்தாழ மாறாத இவ்வேறுபாடு தற்செயலான கணக்குத் தவற்றைக் குறிப்பதன்று, முறை சார்ந்தது. இரு பஞ்சாங்கங்களும் சித்திரை முதல்நாளைப் பெரும்பாலும் ஒரே நாளில் காட்டுகின்றன. ஆகவே இராசிச் சக்கரத்தின் தொடக்கப் புள்ளியில் இரண்டுக்கும் பெருவேறுபாடு இல்லை. வேறுபாடு சனிக்கோளின் இயக்கக் கணக்கிலேயே உள்ளது.

ஆரியபடீயம் ஒரு மகாயுகத்தில் சனிக்கு 1,46,564 சுற்றுகளைக் கூறுகிறது. மகாயுக நாள்களாகிய 1,57,79,17,500ஐ இதனால் வகுக்க, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10,766 நாள் கிடைக்கிறது. இன்றைய மதிப்பு ஏறத்தாழ 10,759 நாள். சுற்றொன்றுக்கு 7 நாள் கூடுதல். சுற்று ஒன்றோ ஏறத்தாழ 29½ ஆண்டு. கணக்கில் உள்ள சனி வானில் உள்ள சனியினும் சற்று மெதுவாகச் செல்வதால், நூற்றாண்டுகள் கூடக்கூடப் பின்தங்குகிறது. வாக்கிய மரபில் இடையே சில திருத்தங்கள் சேர்க்கப்பட்டபோதிலும் பின்னடைவு முற்றும் நீங்கவில்லை. 2023 டிசம்பர் 20 அன்று, திருக்கணிதப்படி சனி கும்ப இராசிக்குள் ஏறத்தாழ 8 பாகை சென்றிருந்தது. சனியின் சராசரி இயக்கத்தில் 8 பாகை என்பது ஏறத்தாழ 240 நாள். எஞ்சிய நாள்கள் இடையே நிகழ்ந்த வக்ர இயக்கத்தால் கூடின.

இவ்வாறு நோக்கின், திருநள்ளாற்று நாளைப் 'பிழை' என ஒதுக்குவது வரலாற்றாய்வாளருக்கு இழப்பாகும். அது ஓர் ஆவணம். சனியின் நிலையைக் கண்ணால் கண்டு கணக்கைத் திருத்தும் வழக்கம் இம்மரபில் நின்று எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை அவ்விடைவெளி நமக்கு அளந்து காட்டுகிறது. சந்திரனுக்குப் பல நூற்றாண்டுக்குப் பின்னும் கிரகண நேரத்தில் நிமிடக் கணக்கில் நின்ற பிழை, சனிக்கு மாதக் கணக்காயிற்று. கிரகணம் பலர் அறியக் கண்முன் நிகழ்வது. ஆகவே கணிதர் தவறினால் ஊர் அறியும். சனி இராசி மாறும் கணத்தைக் கருவியின்றிக் காண இயலாது. சோதிக்கும் வாய்ப்புள்ள இடத்தில் கணக்கு கூர்மையாக நின்றது. வாய்ப்பில்லாத இடத்தில் தளர்ந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன:

1. தென்னிந்தியாவில் நவீன வானியல் அரசாணையால் தொடங்கவில்லை. பெட்ரி முதலிய ஆர்வலரின் சொந்த முயற்சியால் தொடங்கி, அரசால் தொடர்ச்சி பெற்றது. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் தன் தோற்றத்தை 1786ஆம் ஆண்டு எழும்பூர் முயற்சியிலிருந்தே கணக்கிடுகிறது. அம்முயற்சிக்குச் சரியாக 200 ஆண்டுக்குப் பின், 1986இல், காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி பயன்பாட்டுக்கு வந்தது.

2. அது வெற்றிடத்தில் ஊன்றப்பட்டதன்று. திருவாரூர் அட்டவணைகள் நுங்கம்பாக்கத் தூணுக்கு முன்பே ஐரோப்பிய ஆய்வில் இடம்பெற்றன. தூணின் கூற்றை மேற்கோளாக ஆளும் வரலாறுகள் இதையும் உடன் கூறுதல் வேண்டும்.

3. கணிதர்களைத் தகவல் தருவோராக மட்டும் கண்ட நோக்கு, இரு மரபுகளும் ஒன்றையொன்று திருத்தும் வாய்ப்பைத் தவறவிட்டது. இரகுநாதாசாரி அவ்வாய்ப்பைத் தனியொருவராக மீட்டார்.

4. வாக்கியத்திற்கும் திருக்கணிதத்திற்கும் இடைப்பட்ட நாள் வேறுபாடு, சமய விவாதத்திற்கு அப்பால், அறிவியல் வரலாற்றுக்குரிய அளவிடத்தக்க சான்று.

கடைமடைப் பகுதியில் அச்சிடப்பட்ட பழைய பஞ்சாங்கங்கள் இன்னும் பல வீடுகளில் உள்ளன. அவற்றில் ஆண்டுதோறும் குறிக்கப்பட்ட கோள் நிலைகளைத் தொகுத்து நவீனக் கணிப்போடு ஒப்பிட்டால், எந்தக் கோளின் கணக்கு எக்காலத்தில் எவரால் திருத்தப்பட்டது என்பதை அறியலாம். தாள்கள் உதிர்வதற்கு முன் செய்யப்பட வேண்டிய பணி அது.